இரட்சணிய யாத்திரிகத்தில் இறைவேட்கை: பெற்றபின் பெருகும் தேட்டம்

ஆய்வுச்சுருக்கம்

இறைவேட்கை என்பது இறைவனை இன்னும் அடையாதவரின் நிலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கிறித்தவ ஆன்மிக மரபில் இதற்கு மாறான போக்கு ஒன்று வலுவாக உள்ளது. அருளைப் பெற்றவரிடத்தேதான் வேட்கை முதிர்கிறது என்பது அப்போக்கு. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் இவ்வனுபவத்தைத் தமிழ்க் காப்பியக் கட்டமைப்பிலும் இடையிடையே வரும் தேவாரப் பகுதிகளிலும் எவ்வாறு வெளிப்படுத்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மூலமான ஜான் பனியனின் நூலும் கவிஞர் பிறந்து வளர்ந்த வைணவச் சூழலின் உரைமரபும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இறைவேட்கை, வாஞ்சை, இரட்சணிய யாத்திரிகம், தேவாரம், பரமபக்தி, பியூலா நாடு.

முன்னுரை

கிருஷ்ண பிள்ளை (1827–1900) நெல்லைப் பகுதியைச் சேர்ந்த கரையிருப்பு என்னும் ஊரில், கம்பராமாயணப் பயிற்சி மிக்க வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் கிறித்தவ சமயத்தோடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டு, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய பெருங்காப்பியமாகிய இரட்சணிய யாத்திரிகம் பாளையங்கோட்டையிலிருந்து வந்த 'நற்போதகம்' என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூல்வடிவம் பெற்றது. 3766 பாடல்களைக் கொண்ட இந்நூலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரு கேள்விகளையே கேட்டுள்ளனர். பனியனிடமிருந்து கவிஞர் எடுத்துக்கொண்டவை எவை? கம்பனிடமிருந்து எடுத்துக்கொண்டவை எவை? 'கிறித்தவக் கம்பர்' என்ற பட்டப்பெயர் இரண்டாம் கேள்வியின் விளைவு. இவ்விரு கேள்விகளும் தேவையானவை. எனினும் கொடுக்கல் வாங்கல் கணக்கோடு ஆய்வு நின்றுவிடும்போது, காப்பியத்துள் ஒலிக்கும் உள்ளத்தின் ஏக்கம் யாருடையது, அது ஏன் தீராமல் நீள்கிறது என்னும் கேள்வி எழாமலே போய்விடுகிறது.

ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது இங்குப் பயன்தரும். திருமுழுக்குக்கும் நூல் வெளியீட்டுக்கும் இடையில் 36 ஆண்டுகள் கழிந்துள்ளன. நூல் வெளிவந்தபோது கவிஞருக்கு வயது 67. எனவே இதைப் புதிதாகச் சமயம் தழுவியவரின் முதல் வேகத்தில் எழுந்த பாடல் என்று கொள்ள இடமில்லை. தேடிய பொருளைக் கண்டடைந்ததாக முழுமையாக நம்பிய ஒருவர், அந்நம்பிக்கையில் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தபின் பாடியது இது. அப்படியிருந்தும் பாடலின் பொருள் தேட்டமாகவே இருக்கிறது. இந்த முரண்பாட்டை விளக்குவதே கட்டுரையின் நோக்கம்.

விவிலியத்திலும் திருச்சபை மரபிலும் வேட்கை

தமிழ் விவிலிய மொழியில் இறைவனை நாடும் ஏக்கத்தைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொற்கள் 'வாஞ்சை', 'தாகம்' என்பன. இவற்றுள் தாகம் உடலின் தேவையிலிருந்து எடுத்த உருவகம். நீரோடையை நாடிக் கதறும் மானைக் கொண்டு தொடங்கும் 42ஆம் சங்கீதம் இவ்வுருவகத்துக்குப் பெயர்பெற்றது. அச்சங்கீதத்தைப் பாடுபவர் இறைவனை அறியாதவர் அல்லர் என்பது பலரும் கவனியாமல் கடந்துசெல்லும் செய்தி. திருவிழாக் கூட்டத்தோடு இறைவனின் இல்லத்துக்கு நடந்துசென்ற நாள்களை அவர் நினைவுகூர்கிறார். அந்நினைவுதான் அவரை வாட்டுகிறது. நீரின் சுவையை அறிந்த மானுக்குரிய தாகம் அது. சோர்ந்துபோன தன் ஆத்துமாவை அவர் தாமே வினவித் தேற்றும் பல்லவி 42, 43ஆம் சங்கீதங்களில் மும்முறை வருகிறது. தேற்றம் ஒருமுறையில் முடியவில்லை என்பதையே இத்திரும்பக்கூறல் உணர்த்துகிறது.

யாத்திராகமம் 33ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. இறைவன் மோசேயோடு நண்பனிடம் பேசுவதுபோல முகமுகமாய்ப் பேசினார் என்று 11ஆம் வசனம் கூறுகிறது. ஏழு வசனங்கள் கழித்து அதே மோசே இறைவனின் மகிமையைக் காட்டுமாறு வேண்டுகிறான். முகமுகமாய்ப் பேசியவனுக்கு இன்னும் எதைக் காணவேண்டியிருந்தது? இக்கேள்வியை நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த நிசாவின் கிரகோரி 'மோசேயின் வாழ்வு' என்னும் நூலில் விரிவாக எடுத்துக்கொள்கிறார். இறைவன் எல்லையற்றவர், எல்லையற்றதை நாடும் ஆசைக்கும் எல்லை இராது, ஆகையால் காணவேண்டும் என்னும் ஆசை ஒருபோதும் நிறைவுறாமையே அவரை உண்மையாகக் காண்பது என்பது அவர் கண்ட விடை. மோசேக்கு இறைவனின் பின்புறம் மட்டுமே காட்டப்பட்டதற்கும் அவர் இவ்வழியே பொருள் கூறுகிறார். பின்புறத்தைக் காண்பவன் பின்தொடர்பவன், பின்தொடர்தலே காட்சி.

மேலைத் திருச்சபையில் பன்னிரண்டாம் நூற்றாண்டினரான கிளேர்வோ பெர்னார்து உன்னதப்பாட்டுக்கு 86 அருளுரைகள் இயற்றினார். 1153இல் அவர் மறைந்தபோது மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத்தான் எட்டியிருந்தார். தலைவி தன் அன்பனைத் தேடும் அவ்விடத்துக்கு உரைகூறுகையில், முன்பே கண்டடையப்பட்ட ஒருவரையன்றி இறைவனை எவரும் தேடவியலாது என்றும், கண்டடைதலால் தேட்டம் ஓயாமல் விரிகிறது என்றும் அவர் விளக்குகிறார். அவருக்கு முன்னோடி பவுல். தாம் இன்னும் அடைந்துவிடவில்லை, எதற்காகக் கிறிஸ்துவால் பிடிக்கப்பட்டோமோ அதைப் பிடிக்கத் தொடர்ந்து செல்கிறோம் என்னும் கருத்தைப் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் (3:12) வைக்கிறார். பிடிக்கப்பட்டமை முன்பே நிகழ்ந்தது. பிடித்தல் இனி நிகழவேண்டியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியே கிறித்தவ வேட்கை வாழும் இடம்.

பனியனின் பயணமும் பியூலா நாட்டு நோயும்

ஜான் பனியன் (1628–1688) ஆங்கிலத் தூய்மைவாத மரபினர். உரிமம் பெறாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தவர். அவருடைய மோட்சப் பயண நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அழிவுக்குரிய நகரத்திலிருந்து முதுகில் சுமையோடு ஓடிவரும் ஒருவன் வானகம் சேர்வதே கதை.

அச்சுமை விழும் இடத்தைக் கருதவேண்டும். அது பயணத்தின் முடிவில் விழவில்லை. நூலின் முற்பகுதியிலேயே, சிலுவையின் அடியில், தானாகவே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் மறைந்துவிடுகிறது. பயணி மூன்றுமுறை துள்ளிக் குதித்துப் பாடிக்கொண்டே நடக்கிறான். பாவமன்னிப்பு கிடைத்துவிட்டது, புத்தாடை கிடைத்துவிட்டது, முத்திரையிட்ட சுருள் கையில் இருக்கிறது. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கடினமான குன்று, தாழ்மையின் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோனோடு போர், மரண நிழலின் பள்ளத்தாக்கு, மாயச் சந்தை, ஐயக் கோட்டையின் சிறை எனக் கதையின் பெரும்பகுதி அதன் பின்னரே விரிகிறது. சுமையோடு நடந்தவனை அச்சம் ஓட்டியது. சுமையிழந்தவனை ஓட்டுவது எது? வேட்கை ஒன்றே.

அவ்வேட்கை உச்சம்பெறும் இடம் பியூலா நாடு. நகரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவு, மலர்கள் மணக்கின்றன, பறவைகள் பாடுகின்றன, ஐயக் கோட்டை கண்ணுக்குக்கூடப் புலனாவதில்லை. எல்லாத் துன்பமும் நீங்கிய அவ்விடத்தில்தான் பயணி நோயுற்று விழுகிறான். நகரின் ஒளியைக் கண்டமையால், ஆசையால் வந்த நோய் அது. உடன்வந்த தோழனுக்கும் அந்நோய் ஒன்றிரண்டுமுறை வந்து நீங்குகிறது. உன்னதப்பாட்டின் தலைவி தன் தோழியரிடம் சொல்லியனுப்பும் சொல்லையே இருவரும் அரற்றுகின்றனர். பனியன் இதற்கு ஒதுக்கும் இடம் சில வரிகள்தாம். சிங்கத்தையும் அரக்கனையும் பற்றிக் கேட்டுவளர்ந்த வாசகர்கள் இப்பகுதியை மறந்துவிடுவதில் வியப்பில்லை.

தமிழ் வாசகருக்கு இந்நோய் புதியதன்று. தொல்காப்பியக் களவியல் காமத்தின் நிலைகளை வேட்கை தொடங்கிச் சாக்காடு ஈறாக வகுக்கிறது. அவ்வரிசையில் வேட்கை காட்சிக்குப் பிற்பட்டது. காணாத ஒருவர்மேல் எழுவதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் பெத்லகேம் குறவஞ்சியில் இம்மரபை அப்படியே கிறித்தவப் பொருளுக்கு ஏற்றினார். பெத்லகேம் நாதர் உலா வரக் கண்டபின்னரே தேவமோகினி மையலுறுகிறாள். கிறித்தவ வேட்கைக்கு அகமரபின் மொழி கிருஷ்ண பிள்ளைக்கு முன்பே தமிழில் ஆயத்தமாக இருந்தது என்பதற்கு இது சான்று.

'இரட்சணியம்' என்னும் சொல் நிற்கும் இரண்டிடங்கள்

இரட்சணிய யாத்திரிகம் ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக அமைந்தது. இவ்வமைப்பு பனியனிடம் இல்லை. தமிழ்க் கவிஞர் செய்த மாற்றங்களுள் பெரியது, குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடியமை. பனியனின் பயணி சிலுவையைக் காண்கிறான். சிலுவையில் நிகழ்ந்தது அங்கே கதையாகச் சொல்லப்படவில்லை. தம் ஆங்கில வாசகருக்கு அது முன்பே தெரியும் என்பது பனியனின் துணிபு. கிருஷ்ண பிள்ளை அவ்வாறு கொள்ளவில்லை. பிடிபட்டு நிற்கும் இயேசுவின் அமைதியையும், அவரை இகழ்வோரின் சொல்லையும், சுற்றி நின்றோரின் புலம்பலையும் காப்பியச் சுவையோடு நிறுத்திப் பாடினார். பள்ளிப் பாடநூல் வழியாகப் பலர் இக்காப்பியத்தில் படித்தது இப்பகுதியை மட்டுமே.

அப்பகுதியின் பெயர் இரட்சணிய சரிதப் படலம். காப்பியத்தின் இறுதிப் பருவத்தின் பெயரோ இரட்சணிய பருவம். மீட்பைக் குறிக்கும் ஒரே சொல் இரண்டாம் பருவத்தின் ஒரு படலத்துக்கும் ஐந்தாம் பருவத்துக்கும் தலைப்பாக நிற்கிறது. முன்னதில் அது நிகழ்ந்து முடிந்த வரலாறு. பின்னதில் சென்றடையும் ஊர். பவுல் சுட்டிய இரு முனைகளைக் கவிஞர் தலைப்புகளைக் கொண்டே நாட்டிவிட்டார் எனலாம். அவர் இதனைக் கருதியே செய்தாரா என்று நூலின் துணைகொண்டு மெய்ப்பிக்க இயலாது. எனினும் நிதான பருவமும் ஆரணிய பருவமும் இவ்விரண்டுக்கும் நடுவே கிடப்பது, வாசகர் உணர்ந்தாலும் உணராவிட்டாலும், காப்பியத்தின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. மீட்பிலிருந்து மீட்பை நோக்கி நடக்கும் பயணமாகிறது அது.

பாடுகளின் விரிவால் நேர்ந்த மற்றொரு விளைவு வேட்கையின் தன்மை மாறியமை. பனியனிடம் வேட்கை பெரும்பாலும் நகரத்தை நோக்கியது. தமிழில் அது ஒருவரை நோக்கியதாகிறது. அவர் பட்ட துன்பத்தைக் கேட்ட நெஞ்சு, அவரையே நினைந்து உருகுகிறது. உருக்கம் என்பது அருளாளர்களின் வரலாற்றைக் கேட்டு நெகிழப் பழகிய தமிழ்ப் பக்தியுலகம் தந்த கொடை.

தலமில்லாத தேவாரம்

காப்பியத்தினிடையே 'தேவாரம்' என்னும் பெயரில் இசைப்பாடல்கள் இடம்பெறுகின்றன. பின்னாளில் இவை இரட்சணிய யாத்திரிகத் தேவாரம் எனத் தனியே வழங்கும் சிறப்பும் பெற்றன. பனியனின் பயணிகளும் இடையிடையே சிறு பாடல்கள் பாடுவதுண்டு. அவை நிகழ்ச்சி முடிந்தபின் அதன் பொருளைத் தொகுத்துரைக்கும் சில அடிகள். கவிதை என்ற அளவில் அவற்றுக்குப் பெருமை இல்லை. கிருஷ்ண பிள்ளையின் தேவாரங்களோ காப்பியத்தின் உயிர்நாடிகளுள் ஒன்றாக விளங்குகின்றன. விருத்தங்களில் சொல்வளம் காட்டும் கவிஞர், தேவாரங்களில் எளிமையாகிறார். உருவகக் கதையின் அறிவுரைப் பகுதிகள் சில இடங்களில் வாசகரைச் சோர்வடையச் செய்வதையும் மறைக்கவேண்டியதில்லை. அச்சோர்விலிருந்து காப்பியத்தை மீட்பவை இப்பாடல்களே.

வடிவம் பற்றி ஒன்று கூறவேண்டும். காப்பிய விருத்தம் கதையை முன்னே தள்ளிச் செல்வது. பதிகமுறை அவ்வாறன்று, ஒரே வேண்டுதலை, ஒரே விளியை, சிறுசிறு வேறுபாடுகளோடு மீண்டும் மீண்டும் எடுப்பது. பயணி நடந்துகொண்டேயிருக்க, பதிகம் தொடங்கியதும் கதை நின்றுவிடுகிறது. தீராத ஒன்றைச் சொல்ல, முன்செல்லாமல் நின்று சுழலும் வடிவமே பொருந்துகிறது. 42ஆம் சங்கீதத்தின் பல்லவி செய்யும் பணியும் இதுவே.

வைணவக் குடியில் பிறந்தவர் 'பாசுரம்' என்னாமல் 'தேவாரம்' என்னும் சைவத் திருமுறைப் பெயரை ஏன் எடுத்தார் என்பது ஆராயத்தக்கது. அவருடைய மற்றொரு நூலின் பெயரும் மாணிக்கவாசகரை நினைவூட்டும் போற்றித் திருவகவல் என்பதே. நெல்லைச் சீமையில் இசையோடு பாடும் வழிபாட்டுப் பாடலுக்குத் தேவாரம் என்பது பொதுப்பெயர்போல் வழங்கியிருக்கக்கூடும் என்பது எம் கருத்து. காரணம் எதுவாயினும், பெயரை எடுத்தவர் அதன் முதன்மைப் பண்பொன்றை விட்டுவிட்டார். சைவத் தேவாரம் பெரும்பாலும் தலப்பாடல். ஐயாறு, ஆரூர், தில்லை என ஒவ்வொரு பதிகமும் ஓர் ஊரில் எழுந்தருளியிருக்கும் இறைவனைப் பாடுவது. அப்பருடைய தனித் திருத்தாண்டகம் போன்ற பொதுப் பதிகங்கள் உண்டு, அவை சிறுபான்மை. தலப்பாடலில் அடியவர் சென்று சேர்ந்துவிட்டார். கண்முன் கோயில் நிற்கிறது. யாத்திரிகத் தேவாரத்துக்குத் தலம் இல்லை. பாடுபவன் வழியில் நிற்கிறான். ஊர் இன்னும் முன்னே இருக்கிறது. இறைவனோ ஊரில் மட்டும் இல்லாமல் வழியிலும் துணைவருபவர். உடன்வருபவரையே சென்று சேரவேண்டியவராகவும் பாடவேண்டிய நிலை இப்பாடல்களுக்குத் தனியானதொரு தவிப்பைத் தருகிறது.

வைணவ உரைமரபோடு ஓர் ஒப்பீடு

கிறித்தவக் கோட்பாட்டின்வழி மேலே கண்ட கருத்தை, கவிஞர் பிறந்த குடியின் சமயமும் தன் வழியில் அறிந்திருந்தது. திருவாய்மொழி உரைகள் நம்மாழ்வாரின் பாசுரங்களைக் கலவியும் பிரிவும் மாறிமாறி வரும் அனுபவமாகக் காண்கின்றன. இறைவன் தன்னைக் காட்டுகிறான், ஆழ்வார் களிக்கிறார், அக்காட்சி நீங்குகிறது, முன்னினும் மிகுதியாகத் தவிக்கிறார். இத்தவிப்பை உரையாசிரியர்கள் குறையாகக் கருதவில்லை. அன்பை முதிர்விக்க இறைவன் கையாளும் வழி என்று கொண்டனர். பரபக்தி, பரஞானம், பரமபக்தி என்னும் மூன்று படிநிலைகளும் இம்முதிர்ச்சியை அளப்பவை. இறுதி நிலையாகிய பரமபக்தியில் அவனைப் பெறாவிடில் உயிர் தரியாது.

கம்பனின் செல்வாக்கைத் தேடிய ஆய்வாளர்கள் இவ்வுரைமரபைக் கவனித்தது குறைவு. கிருஷ்ண பிள்ளை இவ்வுரைகளை முறையாகப் பயின்றார் என்று கூற நம்மிடம் சான்று இல்லை. அவ்வுரைகளின் மணம் வீசிய இல்லத்தில் வளர்ந்தவர் என்ற அளவே கூறலாம். ஆயினும் சுமை விழுந்தபின்னும் நீளும் பனியனின் பயணம் அவர் உள்ளத்தைப் பிணித்ததற்கு, பெற்றபின் பெருகும் அன்பை முன்பே அறிந்த செவி ஒரு காரணமாகலாம்.

ஒற்றுமை கண்ட இடத்திலேயே வேறுபாட்டையும் காட்டவேண்டும். திருவாய்மொழி தீர்வில் முடிகிறது. ஆழ்வாரின் 'அவா' எல்லாவற்றையும் சூழ்ந்து பரந்ததாகவும், அதனினும் பெரியவனாக இறைவன் வந்து சூழ்ந்தமையால் அது அற்றதாகவும் இறுதிப் பத்து கூறுகிறது. பனியனும் தீர்வில் முடிக்கிறார். ஆற்றைக் கடந்தபின் வாயில் திறக்கிறது. கிரகோரியிடமோ தீர்வு என்பதே இல்லை; வானகத்திலும் ஆன்மா மேன்மேலும் நாடிச் செல்லும். கிறித்தவ மரபுக்குள்ளேயே இவ்விரு போக்குகளும் உள்ளன. ஆகவே 'கிறித்தவ வேட்கை', 'வைணவ வேட்கை' என இரண்டு கட்டங்கள் வரைந்து பிரித்துவிடுவது பொருந்தாது. சில இடங்களில் பனியன் கிரகோரியைவிட ஆழ்வாருக்கே அண்மையில் நிற்கிறார்.

பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, கிறித்தவத்தைப் பக்திமார்க்கமாக விளக்கி 1927இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். யோவான் நற்செய்தியில் வரும் நிலைத்திருத்தல் என்னும் கருத்தை அவர் பக்தியின் மொழியில் விளக்குகையில், இறைவனும் ஆன்மாவும் ஒன்றாகிக் கரைவதை மறுத்து, அன்பாலும் ஒழுக்கத்தாலும் நேரும் உறவை வலியுறுத்துகிறார். கிருஷ்ண பிள்ளையைப் பற்றியும் அவர் தனிநூல் இயற்றியுள்ளார். கரைதலை மறுக்கும் இந்நிலை நம் பொருளுக்கு இன்றியமையாதது. இருவர் இருவராகவே நிற்கும் உறவில்தான் நாடுவதற்கு இடம் உண்டு. கரைந்துவிட்டால் வேட்கை கொள்வதற்கு ஒருவர் எஞ்சுவதில்லை. யாத்திரிகத் தேவாரங்கள் 'நீ', 'நான்' என்னும் இரு சொற்களையும் இறுதிவரை விடாமல் பற்றியிருப்பதற்கு இதுவே அடிப்படை.

காப்பியம் முடிந்தபின்னும் கவிஞர் ஓயவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். பயணி நகர்புகுந்த கதையைப் பாடி முடித்து அச்சேற்றிய ஐந்து ஆண்டுகளில், 1899இல், இரட்சணிய மனோகரம் என்னும் பதிகத் தொகுப்பு வெளிவந்தது. அதில் கதை இல்லை. பருவப் பகுப்பு இல்லை. சென்றடையும் நகரமும் இல்லை. காப்பியத்தினிடையே நின்று சுழன்ற அதே வேண்டுதல்கள் இங்கே தனித்து ஒலிக்கின்றன. அடுத்த ஆண்டு கவிஞர் மறைந்தார்.